அண்ணனுக்கு வாங்கிய ஹங்கேரி ராஜா

ஹங்கேரிக்கு நான் போனதில்லை. போகும் உத்தேசமும் இல்லை. ஆனால் அந்த நாட்டுப் பழைய ராஜா ஒருவரின் நினைவாக வெளியிட்ட வெள்ளிக் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் என் வீட்டு மாடியில், பாஸ்போர்ட்டுகள் வைக்கும் இழுப்பறையில் கிடக்கிறது. அதை அண்ணனுக்காக வாங்கினேன். அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் இவ்வளவுதான் விஷயம், மீதியெல்லாம் என் புலம்பல்.

எங்களுக்குக் கரூர். அப்பா ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பில் எழுதிக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பும் துண்டும் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள், பாக்கெட்டில் மிஞ்சிய சில்லறையை ஆபீஸ் மேசையில் விட்டுவிட்டுப் போவார்கள். அப்பா அதைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுப்பார். என்னிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்படி அவனுக்குக் கிடைத்த முதல் வெளிநாட்டுக் காசு ஹங்கேரியுடையது. அலுமினியக் காசு, நடுவில் ஓட்டை, கையில் வைத்தால் கனமே தெரியாது. அண்ணனுக்கு ஒரே ஏமாற்றம். அவனைப் பொறுத்தவரை காசு என்றால் அதில் ராஜா தலை இருக்க வேண்டும். ராஜா இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்களே என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை எடுத்தான். ஆனாலும் அந்த ஓட்டைக் காசைத்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தான். ஆல்பம் அவனோடு கோயம்புத்தூர் காலேஜுக்குப் போயிற்று, பிறகு டெக்சஸுக்கும் வந்தது.

அங்கே டல்லாஸ் பக்கத்தில் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் அவன் சேர்ந்து நான்கு வருடம் கழித்து நான் நியூ ஜெர்சிக்கு வந்தேன். வந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ரெஸ்யூமேயை எழுதியது அவன், இன்டர்வியூவுக்கு என்னைத் தயார் செய்தது அவன், முதல் குளிருக்குக் கோட்டு வாங்கி அனுப்பியதும் அவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். பாதி நேரம் காசைப் பற்றித்தான் பேச்சு. அமெரிக்கக் காசுகளை அவனுக்கு அறவே பிடிக்காது. நாலு வருஷத்தில் வீட்டுக்குப் போகிற பிரெசிடெண்டுகளை எல்லாம் காசில் போட்டால் அது காசா, விசிட்டிங் கார்டா என்பான். நான் காய் நறுக்கிக்கொண்டே ம் கொட்டிக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் மதிக்கவே இல்லை.

அம்மா ஊரில் ஒரு புதன்கிழமை போனாள்.

எங்கள் வீட்டு வழக்கப்படி அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்குக் கடைசி மகன். அப்பாவுக்கு அண்ணன் செய்து முடித்திருந்தான். அம்மாவுக்கு நான் செய்ய வேண்டும். அண்ணன் அதற்குள் சிட்டிசன் ஆகிவிட்டிருந்தான். செய்தி வந்ததும் கிடைத்த விமானத்தில் ஏறி ஒன்றரை நாளில் கரூர் போய்ச் சேர்ந்துவிட்டான். என் கிரீன் கார்டு பேப்பர்கள் அப்போது குடியேற்ற அலுவலகத்தில் முடிவாகாமல் கிடந்தன, விசா முத்திரையும் காலாவதி ஆகியிருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியுமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றார் கம்பெனி வக்கீல். இதை அப்படியே அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பான், அழுதிருப்பான், பிறகு அவனே கொள்ளி வைத்திருப்பான். ஒரு வருடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும்.

நான் என்ன செய்தேன் என்றால், கிளம்பிவிட்டேன் என்றேன்.

வக்கீல் எப்படியும் வேறு வழி சொல்லிவிடுவார், ராத்திரி விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று நம்பித்தான் சொன்னேன். வக்கீல் சொல்லவில்லை. கரூர் போய்ச் சேர்ந்ததும் அண்ணன் எங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, துபாயில் கனெக்‌ஷன் தவறிவிட்டது என்றேன். அப்போது நான் சமையலறை மேசையில், முன்னால் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே நின்றிருந்த என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றுவரை அவள் முழுதாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிள்ளை வரட்டும் என்று அண்ணன்தான் எல்லோரையும் அடக்கி வைத்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் உண்மையைச் சொன்னேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பின்னால் ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் கேட்டது.

"நீ துபாய் வந்துட்டேன்னு அம்மா காதுல சொன்னேன்டா" என்றான்.

போனை வைத்துவிட்டான். அண்ணன் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

அவசரத்துக்கு நேரில் போய் அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் வழி ஒன்று இருக்கிறது என்று பிறகு ஒருவர் சொன்னார். நான் விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. பயந்தாங்கொள்ளிக்கு வக்கீல் ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஏழு மாதத்தில் கிரீன் கார்டு தபாலில் வந்தது. பச்சையாகக்கூட இல்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. நான் செய்தால் எடுக்கவில்லை. அவன் பெண்ணின் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய பரிசுக்கு அந்தப் பெண் ஆங்கிலத்தில் இரண்டு வரி நன்றி எழுதினாள், அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படி நாலு வருடம் போயிற்று.

பக்கத்து ஊரில் ஒரு ஹோட்டல் ஹாலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு காசு வியாபாரிகள் கூடுவார்கள். எனக்கும் காசுக்கும் சம்பந்தமில்லை. ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கே போகத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் வயதான வியாபாரி ஒருவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்துக் காட்டினார். அவருடைய அப்பா அம்மா ஹங்கேரியிலிருந்து நியூ பிரன்ஸ்விக்குக்கு வந்தவர்களாம். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளி வட்டம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் பரப்பில் தாடி வைத்த ராஜாவின் முகம் மட்டும் பனி படிந்தாற்போல் வெளுப்பாக எழும்பி நின்றது. மறுபக்கத்தில் கிரீடம். அதன் உச்சியிலிருந்த சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அச்சில் பிழையா என்று கேட்டேன். நிஜக் கிரீடத்திலேயே அப்படித்தான், எப்போதோ வளைந்துவிட்டது, யாரும் நிமிர்த்தவில்லை என்றார்.

ராஜாவின் கதையையும் சொன்னார். மங்கோலியர்கள் வந்து நாட்டைக் கொளுத்தியபோது இந்த ராஜா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாராம். எங்கோ கடலோரத்தில் போய் ஒளிந்திருந்தாராம். வந்தவர்கள் போன பிறகு திரும்பி வந்து, கரிக்கட்டையாகக் கிடந்த நாட்டை அடியிலிருந்து கட்டினாராம். இன்றைக்கு அந்த ஊரில் யாரும் அவர் ஓடியதைப் பேசுவதில்லை, கட்டியதைத்தான் பேசுகிறார்கள் என்றார் கிழவர். அங்கேயே அந்தக் காசை வாங்கிவிட்டேன். உறையிலிருந்து எடுத்தால் ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே நின்றுவிடும், துடைத்தால் இன்னும் கெடும் என்று இரண்டு தடவை எச்சரித்தார்.

காரில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. ஹங்கேரிக்கும் ராஜா உண்டு, ஓட்டைக்குப் பதில் இதோ தலை என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஓடிப்போனவனையும் மறுபடி சேர்த்துக்கொள்கிற ஊர் உலகத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடிதம் எழுத உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் துபாய் மாதிரியே இருந்தது. கடைசியில் ஒன்றும் எழுதாமல் காசை மட்டும் பெட்டியில் வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபாலில் ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. நான் ஒட்டிய டேப்பே பிரியவில்லை. மேலே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பெறுநர் மறுத்துவிட்டார் என்று அச்சடித்திருந்தது. எனக்குள்ளே ஒரு வக்கீல் உண்டு, அவர் உடனே வேலையை ஆரம்பித்தார். அண்ணி மறுத்திருக்கலாம், ஆள் இல்லாத நேரமாக இருக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கடைசி வாதத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் மூன்று வருடம் ஓட்டினேன். உள்ளே என்ன என்று தெரிந்திருந்தால் வாங்கியிருப்பான். நேரில் கையில் கொடுத்தால் வாங்குவான்.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு காலை அண்ணி கூப்பிட்டார். ஏழு வருடத்தில் முதல் முறை. அண்ணன் ஆபீஸ் பார்க்கிங்கில் விழுந்துவிட்டார், ஐசியூவில் இருக்கிறார் என்றார். "வரணும்னா வாங்க தம்பி" என்றார். வாங்க என்று மட்டும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். உள்ளூர் விமானத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. ஆனாலும் இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்துவிட்டு அது இல்லாமல் வாசலைத் தாண்ட எனக்குக் கால் வராது. இழுப்பறையைத் திறந்தபோது காசுப் பெட்டி கைக்குத் தட்டுப்பட்டது. டேப்பைக் கிழித்து, உறையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நூவர்க் ஏர்போர்ட் செக்யூரிட்டியில் அதைத் தட்டில் வைத்தபோது, அந்த ஊழியர் எடுத்துப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறதே என்றார். என் அண்ணனுக்கு என்றேன். அந்த வார்த்தையை வெளியாளிடம் சொல்லி வெகுநாளாகியிருந்தது, வாய்க்கு நன்றாக இருந்தது.

டல்லாஸில் இறங்கி போனைத் திறந்தபோது அண்ணன் மகளின் செய்தி வந்திருந்தது. நான் ஆகாயத்தில் இருந்தபோதே போய்விட்டான். அம்மாவுக்குப் போகவே இல்லை. இவனுக்குப் போயும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நான்காம் நாள் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை சடங்குக்காக ஃப்யூனரல் ஹோமில் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கிருக்கும் தமிழ்க்காரர்களில் இதையெல்லாம் தெரிந்த அங்கிள் ஒருவர் முன்னால் நின்று நடத்தினார். அரிசி, எள், நெய், துளசி என்று வாட்ஸப்பில் லிஸ்ட் போட்டு ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அண்ணனைக் கோட்டு சூட்டோடு படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் ஏதோ பவுடர் பூசி, ஊரில் ஒருநாளும் இல்லாத நிறத்துக்கு அவனைக் கொண்டுவந்திருந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது.

அங்கிள் சுற்றிலும் பார்த்துவிட்டு, பையன் இல்லாத வீடு, தம்பி வந்திருக்கிறார், அவரே செய்யட்டும் என்றார். நான் முன்னால் நகர்ந்தேன். இதையாவது கொடுத்தானே என்றுதான் முதலில் தோன்றியது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அண்ணி என் பக்கத்தில் வந்தார். எல்லோருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பொண்ணு பண்ணட்டும்னு அவரு முன்னாடியே சொல்லியிருக்காரு. நீங்க பண்ண வேண்டாம்னும் சொல்லியிருக்காரு."

சரி அண்ணி என்றேன். அண்ணன் மகள் காலேஜ் படிக்கிறவள். அங்கிள் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் ஓகே ஓகே என்று கேட்டு, அரிசியை எந்தக் கையால் போட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்துச் செய்தாள். என்னை விட ஒழுங்காகவே செய்தாள்.

கடைசியில் நெற்றிக்காசு என்றார் அங்கிள். லிஸ்டில் அது விட்டுப்போயிருந்தது. போகிறவர் நெற்றியில் சந்தனம் வைத்து ஒரு காசை ஒட்ட வேண்டும், ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே நாற்பது பேர் நின்றோம், எல்லோரும் நல்ல வேலையில் இருப்பவர்கள், ஒருவரிடமும் ஒரு காசு இல்லை. பர்ஸைத் திறந்தால் கார்டு, கார்டு, கார்டு. வீட்டுக்குப் போய் சாமி ரூமிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து வரலாம் என்றால், பன்னிரண்டுக்கு அடுத்த குடும்பம் காத்திருக்கிறது. யாரோ பார்க்கிங்குக்கு ஓடி, காரில் காபி கப் வைக்கும் இடத்திலிருந்து ஒரு கால் டாலர் குவார்ட்டரைச் சுரண்டிக்கொண்டு வந்தார். பழைய சோடா பிசுக்கு அதில் ஒட்டியிருந்தது. அதில் பிரெசிடெண்ட் தலை. அதைப் போய் அவன் நெற்றியில் வைப்பதா?

சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துத் திறந்தேன். ஓரத்தைப் பிடிக்க வேண்டும் என்று கிழவர் சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் அவசரத்தில் உருவி எடுத்தேன். என் கட்டைவிரல் ராஜாவின் முகத்துக்குப் பக்கத்தில் நன்றாகவே பதிந்துவிட்டது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதான் அப்ப அனுப்புனதா?" என்றார்.

ஆமாம் என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் மூன்று வருடமாகக் காத்திருந்த வாதம் அது. அண்ணனுக்கு உள்ளே என்ன என்று தெரியாதில்லையா அண்ணி என்று கேட்டேன்.

அண்ணி பொய் சொல்லத் தெரியாதவர். எங்கள் குடும்பத்தில் அது ஒரு குறைதான்.

"காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தாரு தம்பி. வெள்ளிக் காசு, பெருசுன்னாரு. கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தாரு. அப்புறம் திருப்பிக் குடுத்துடுன்னுட்டாரு."

அங்கிள் சந்தனத்தைக் குழைத்து நீட்டினார். அண்ணன் மகள் காசை வாங்கி ராஜா முகம் மேலே தெரியும்படி நெற்றியில் வைத்தாள். பவுடரில் சந்தனம் பிடிக்கவில்லை. காசு நழுவித் தலையணையில் விழுந்தது. அங்கிள் இன்னும் கொஞ்சம் சந்தனம் வைத்தார். இரண்டாம் தடவை ஒட்டிக்கொண்டது. பெரிய காசு, புருவத்துக்கு மேலே பாதி நெற்றியை அடைத்துக்கொண்டது. ஹங்கேரியில் வைத்துப் பார்த்தாலும் இவ்வளவு பக்கத்தில் அண்ணன் ஒரு ராஜாவைப் பார்த்திருக்க மாட்டான் என்று எனக்குள் ஒரு கேலி ஓடியது. அவன் உயிரோடு இருந்தால் சிரித்திருப்பான் என்று நினைத்தேன். இல்லை, சிரித்திருக்க மாட்டான். பழைய அண்ணன் சிரித்திருப்பான்.

தகனம் நடக்கும் இடத்துக்கு ஆறு பேரைத்தான் உள்ளே விட்டார்கள். அங்கிருந்த ஊழியர் மோதிரம், காசு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றார். ஊரில் என்றால் மயானத்தில் வேலை செய்பவர் அந்தக் காசை எடுத்துக்கொள்வார், அது அவருக்குச் சேர வேண்டியது. இங்கே இந்த ஊழியர் கையுறை போட்டுக்கொண்டு குடும்பத்திடம் ஒப்படைக்கிறார். இது மட்டும் அவனோடு போகட்டுமே என்று நான் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். உலோகம் எதையும் உள்ளே அனுப்புவதில்லை, மன்னிக்கவும் என்றார் அவர், உண்மையாகவே வருத்தப்பட்டார். டிஷ்யூவில் காசை ஒற்றி எடுத்துச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு அண்ணியிடம் கொடுத்தார். அண்ணன் நெற்றியில் மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அவன் மகள் பொத்தானை அழுத்தினாள். நான் சுவரோரம் நின்றேன்.

அண்ணியிடம் ஆல்பத்தைப் பார்க்கலாமா என்று கேட்க நினைத்தேன். அந்தக் காசு அவன் ஆல்பத்தில், அந்த ஓட்டைக் காசுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று சொல்லவும் நினைத்தேன். அந்த வீட்டில் எதையும் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. மறுநாள் விமானம் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் தபால்காரப் பெண்மணி மணியடித்தார். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபால். கனமான சின்ன உறை. ஆட்டிப் பார்க்காமலேயே உள்ளே என்ன என்று தெரிந்தது. பெறுநர் இடத்தில் என் பெயர் அண்ணியின் எழுத்தில் இருந்தது. அனுப்புநர் இடத்தில், இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பெயரும் விலாசமும் முன்பே அச்சடித்து வைத்திருப்பார்களே, அந்த ஸ்டிக்கர் லேபிளில் ஒன்றை எடுத்து ஒட்டியிருந்தார். அதில் அண்ணன் பெயர் இருந்தது. அண்ணன் பெயர், ரிச்சர்ட்சன் விலாசம், ஓரத்தில் ஒரு சின்னப் பூப்படம்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுத்துவிடலாமா என்று தோன்றியது. மறுத்தால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, அனுப்பியவர் பெயருக்கே திருப்பி அனுப்புவார்கள். வாங்கிக்கொள்ள அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை.

ஏதாவது பிரச்சினையா என்று அந்த அம்மாள் கேட்டார். ஒன்றுமில்லை, என் அண்ணன் அனுப்பியிருக்கிறான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.